குறுக்குப் பட்டையை வெட்டலாமா?

மீன் வளர்ப்பவர்களிடையே ஓயாத சண்டைகள் சில உண்டு. ஏஞ்சல் மீன் இருக்கிற தொட்டியில் நியான் டெட்ரா விடலாமா, தங்கமீனைக் கிண்ணத்தில் வைக்கலாமா, வாரம் ஒருமுறை எவ்வளவு தண்ணீர் மாற்றுவது... இந்தச் சண்டைகளில் தப்பான பக்கம் நின்றால் நஷ்டம் சில மீன்கள். ஒரே ஒரு கேள்வியில் மட்டும் தப்பான பதில் சொன்னால் வீட்டுக்காரர், கீழ்வீட்டுக்காரர், தரையில் கிடக்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் என்று எல்லாருக்கும் பங்கு கிடைக்கும். அந்தக் கேள்வி: தொட்டியின் மேலே ஒட்டியிருக்கும் கண்ணாடிப் பட்டையை எடுத்துவிடலாமா?

குட்டைப் பதில்: பெரிய தொட்டி என்றால் கூடாது. நீளப் பதில் கொஞ்சம் சுவாரஸ்யமானது. ஏனென்றால் "கூடாது" என்று சொல்பவர்களில் பலருக்கும் ஏன் கூடாது என்று தெரியாது. "எடுத்தேன், ஒன்றும் ஆகவில்லை" என்பவர்களுக்கும் ஏன் ஒன்றும் ஆகவில்லை என்று தெரியாது.

எந்தப் பட்டை?

கண்ணாடித் தொட்டிகளின் மேல்பக்கம் இரண்டு விதமான பட்டைகள் இருக்கும். ஒன்று, முன் கண்ணாடிக்கும் பின் கண்ணாடிக்கும் நடுவில் பாலம் மாதிரி குறுக்கே போவது. இதைக் குறுக்குப் பட்டை எனலாம். இன்னொன்று, தொட்டியின் நீளவாக்கில் உள்பக்கமாக, விளிம்பை ஒட்டினாற்போல் படுக்கை வசத்தில் ஓடுவது. இதை விளிம்புப் பட்டை எனலாம். வெளிநாட்டுக்காரர்கள் யூரோ பிரேஸ் என்பார்கள். நாலடிக்கு மேல் போகும் தொட்டிகளில் பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே இருக்கும். தொழிற்சாலையில் செய்த தொட்டிகளில் இதே வேலையை மேலே மாட்டிய பிளாஸ்டிக் சட்டமும், அதன் நடுவில் குறுக்கே போகும் பிளாஸ்டிக் பட்டையும் செய்யும்.

இந்தப் பட்டைகள் மீது மீன்காரர்களுக்கு உள்ள கோபம் நியாயமானதுதான். பெரிய மரக்கட்டை ஒன்றை உள்ளே இறக்கப் பார்த்தால் குறுக்கே நிற்கும். வலை போட்டு மீன் பிடிக்கும்போது கை இடிக்கும். பின்னால் தொங்கவிடும் ஃபில்டர் விளிம்புப் பட்டையில் உட்காராது. போர் தண்ணீர் ஊற்றுகிற வீடுகளில் பட்டைமேல் வெள்ளை வெள்ளையாக உப்புப் படிந்து, கீழே இருக்கும் செடிக்கு நிழல் கட்டும். இணையத்தில் பார்க்கிற ஜப்பானியத் தொட்டிகளோ மேலே ஒன்றுமே இல்லாமல், ஒரு கண்ணாடிப் பெட்டியில் தண்ணீரை நிறுத்தி வைத்த மாதிரி இருக்கும். அதைப் பார்த்துவிட்டு வீட்டுத் தொட்டியைப் பார்த்தால், பிளேடு எடுத்து அந்தப் பட்டையைக் கழற்றிவிடலாமா என்று யாருக்கும் தோன்றத்தான் செய்யும்.

தோன்றுவதில் தப்பில்லை. பிளேடை எடுப்பதற்கு முன்னால் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும்.

தண்ணீர் என்ன செய்கிறது?

பள்ளிக்கூடத்தில் எல்லாரும் படித்ததுதான். ஓர் ஆழத்தில் தண்ணீரின் அழுத்தம் = அடர்த்தி × புவியீர்ப்பு முடுக்கம் × ஆழம். இதில் தொட்டியின் அகலம் எங்கேயும் இல்லை. முன் கண்ணாடிக்குப் பின்னால் ஓரடித் தண்ணீர் இருந்தாலும் மூன்றடித் தண்ணீர் இருந்தாலும் அந்தக் கண்ணாடி தாங்கும் பாரம் ஒன்றுதான். நம்புவதற்குக் கஷ்டமாக இருக்கும் இந்த விஷயத்தை சைமன் ஸ்டெவின் என்ற ஃபிளெமிஷ்காரர் 1586லேயே எழுதி வைத்துவிட்டார்.

ஆழம்தான் எல்லாம். மேல்மட்டத்தில் அழுத்தம் பூஜ்யம். அடியில் அதிகபட்சம். சராசரி அதில் பாதி. ஆக, முன் கண்ணாடியின் மேல் விழும் மொத்த பாரத்தைக் கண்டுபிடிப்பது சுலபம்: ஆழத்தின் வர்க்கத்தில் பாதியை நீளத்தால் பெருக்க வேண்டும். டெசிமீட்டரில் (அதாவது 10 செ.மீ. கணக்கில்) போட்டால் விடை நேராகக் கிலோவில் வந்துவிடும்.

இரண்டடி நீளம், ஓரடி ஆழம் (60 × 30 செ.மீ.): 27 கிலோ.
நாலடி நீளம், ஒன்றரை அடி ஆழம் (120 × 45 செ.மீ.): சுமார் 121 கிலோ.
நாலடி நீளம், இரண்டடி ஆழம் (120 × 60 செ.மீ.): 216 கிலோ.

கடைசி இரண்டையும் கவனியுங்கள். நீளம் அதேதான். ஆழம் அரையடிதான் கூடியது. பாரம் கிட்டத்தட்ட இன்னொரு நூறு கிலோ கூடிவிட்டது. வெள்ளம் தலைக்கு மேல் போனால் சாண் என்ன முழம் என்ன என்பார்கள். மீன் தொட்டி விஷயத்தில் அந்தப் பழமொழி செல்லாது. இங்கே ஒவ்வொரு சாணுக்கும் விலை உண்டு.

மேலே அழுத்தமே இல்லையே, பட்டை எதற்கு?

புத்திசாலித்தனமான கேள்வி. பட்டையை எடுக்கச் சொல்பவர்களின் பிரதான வாதமும் இதுதான். அழுத்தம் முழுக்க அடியில் இருக்கிறது, பட்டையோ மேலே இருக்கிறது, அப்புறம் அது எதைத் தாங்குகிறது?

முன் கண்ணாடிக்கு நாலு ஓரங்கள். கீழ் ஓரம் அடிக்கண்ணாடியோடு ஒட்டியிருக்கிறது. இடது, வலது ஓரங்கள் பக்கக் கண்ணாடிகளோடு ஒட்டியிருக்கின்றன. மேல் ஓரத்துக்கு மட்டும் பிடிமானம் இல்லை. தண்ணீர் தள்ளும்போது கண்ணாடி வளைந்தாக வேண்டும். எந்த ஓரத்துக்குப் பிடிப்பு இல்லையோ அந்த ஓரத்தின் நட்டநடுவில்தான் அதிகமாக வெளியே வளையும். அழுத்தம் எங்கே அதிகம் என்பது ஒரு விஷயம், வளைவு எங்கே அதிகம் என்பது வேறு விஷயம். பட்டை பிடித்து நிறுத்துவது இந்த வளைவைத்தான்.

புத்தக அலமாரி வைத்திருப்பவர்களுக்கு இது அனுபவத்திலேயே தெரியும். நாலடி நீளப் பலகையில் புத்தகம் அடுக்கினால் நடுவில் தொய்யும். நடுவில் ஒரு முட்டுக் கொடுத்தால் தொய்வு நின்றுவிடும். எவ்வளவு குறையும்? பாதியாக இல்லை. ஒரே சீராகப் பாரம் ஏற்றிய சாதாரண உத்தரம் ஒன்றின் தொய்வு, நீளத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. நீளம் பாதியானால் தொய்வு பதினாறில் ஒரு பங்கு. உள்ளே ஏற்படும் தகைவு நாலில் ஒரு பங்கு.

மீன் தொட்டியில் குறுக்குப் பட்டை அந்த முட்டு மாதிரிதான். ஒரு வித்தியாசம், முட்டு கீழிருந்து தாங்கும், பட்டை முன் கண்ணாடியையும் பின் கண்ணாடியையும் ஒன்றோடொன்று இழுத்துப் பிடிக்கும். விளிம்புப் பட்டை வேறு விதமாக வேலை செய்கிறது. மெல்லிய ஸ்கேலைத் தட்டையாகப் பிடித்து வளைத்தால் வளையும். அதையே அகலவாக்கில் வளைக்கப் பார்த்தால் வளையாது. விளிம்புப் பட்டை தன் அகலத்தைக் காட்டித் தண்ணீரை எதிர்க்கிறது. கொஞ்சூண்டு கண்ணாடி, பெரிய வேலை.

இப்போது அந்தக் குறுக்குப் பட்டையை எடுத்துவிட்டால், மீதியிருக்கும் விளிம்பு ஒரே தாவில் இருமடங்கு தூரத்தைத் தாண்ட வேண்டும். மேலே சொன்ன கணக்கு அப்படியே திரும்புகிறது. கண்ணாடி அந்த வளைவைத் தாங்கிக்கொண்டாலும், மூலைகளில் இருக்கிற சிலிக்கோன் உரிபடத் தொடங்கும். சிலிக்கோன் இழுவையை நன்றாகத் தாங்கும். ஓரத்திலிருந்து உரிப்பதை அந்த அளவுக்குத் தாங்காது. ஸ்டிக்கரை நேராக இழுத்தால் வராது, நுனியில் பிடித்து உரித்தால் வந்துவிடுமே, அதே கதைதான்.

ஏன் ஒன்றும் ஆகவில்லை?

"பட்டையை எடுத்து இரண்டு வருஷம் ஆச்சு. தொட்டி ஜம்மென்று நிற்கிறது." இந்த வாக்கியத்தைக் கேட்காத மீன்காரர் இருக்க முடியாது. இதைச் சொல்பவர் பொய் சொல்லவில்லை. அவருடைய தொட்டி நிஜமாகவே நிற்கிறது. அதற்குக் காரணம் பட்டை தேவையில்லை என்பதல்ல, கணக்கில் வைத்திருந்த பாதுகாப்பு இருப்பை அவர் தின்றுகொண்டிருக்கிறார் என்பதுதான்.

தாங்களே தொட்டி செய்பவர்கள் கண்ணாடியின் கனத்தைத் தீர்மானிக்க ஒரு சூத்திரத்தைப் பரவலாகப் பயன்படுத்துகிறார்கள். அதில் கண்ணாடி உடையக்கூடிய தகைவை 3.8ஆல் வகுத்துவிட்டுத்தான் மேற்கொண்டு கணக்கு போடுவார்கள். அந்த 3.8தான் பாதுகாப்புக் காரணி. அந்தச் சூத்திரத்தின்படி, மேலே பட்டையே இல்லாத நாலடி நீள, ஒன்றரை அடி ஆழத் தொட்டிக்குச் சுமார் 8 மி.மீ. கண்ணாடி வேண்டும். இரண்டடி ஆழமென்றால் சுமார் 12 மி.மீ.

பட்டை வைத்தால் கனத்தைக் குறைக்கலாம், காசு மிச்சம். எனவே அதே ஒன்றரை அடி ஆழத் தொட்டியை 6 மி.மீ. கண்ணாடியில் பட்டை வைத்துச் செய்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டையை எடுத்தால் அந்த 3.8 சுமார் 2.1 ஆகிவிடும். இரண்டடி ஆழத் தொட்டி 8 மி.மீ. கண்ணாடியில் இருந்தால் 1.8 பக்கம் வந்துவிடும். ஒன்றுக்கு மேல் இருக்கிறதே, அதனால்தான் அன்றைக்கே உடையவில்லை. தொட்டி நிற்கிறது என்பதற்கு அர்த்தம் இவ்வளவுதான்.

அப்படியானால் 2.1 போதாதா? இரும்பாக இருந்தால் போதலாம். இது கண்ணாடி.

இரும்பு உடைவதற்கு முன் வளைந்து காட்டும், நெளிந்து காட்டும். கண்ணாடி எச்சரிக்காது. கண்ணாடியின் வேதிப் பிணைப்புகளை வைத்துக் கணக்கிட்டால் வரும் பலத்தில் நடைமுறையில் கிடைப்பது சுமார் நூற்றில் ஒரு பங்குதான். காரணத்தை ஏ. ஏ. கிரிஃபித் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1921ல் வெளியான கட்டுரையில் விளக்கினார்: கண்ணாடியின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்கீறல்கள் இருக்கின்றன, இழுக்கும்போது அந்தக் கீறலின் முனையில் தகைவு குவிகிறது. கண்ணாடியின் பலம் என்பது அதன் மேல் இருக்கிற மிக மோசமான கீறலின் பலம். ஒரே அளவு, ஒரே கனமுள்ள இரண்டு கண்ணாடிகள் ஒரே பாரத்தில் உடையாததற்கும் அதுவே காரணம். ஒரு வீட்டில் 2.1 போதும். இன்னொரு வீட்டில், கூழாங்கல் உரசிய தொட்டியில், போதாது.

அதைவிட மோசமான சங்கதி ஒன்று உண்டு. இழுவிசையில் இருக்கிற கண்ணாடிக் கீறல், ஈரம் பட்டால் மெதுவாக வளரும். தண்ணீர் மூலக்கூறு கீறலின் முனைக்குப் போய் அங்கே இருக்கிற சிலிக்கான்–ஆக்சிஜன் பிணைப்பை அறுக்க உதவி செய்கிறது. 1967ல் எஸ். எம். வீடர்ஹார்ன் என்ற அமெரிக்க ஆய்வாளர், காற்றில் ஈரப்பதம் கூடினால் சாதாரண சோடாச் சுண்ணக் கண்ணாடியில் கீறல் எப்படி வேகமாக நகர்கிறது என்று அளந்தே காட்டினார். காற்றில் இருக்கும் ஈரத்துக்கே இந்தக் கதி. மீன் தொட்டி எதில் இருக்கிறது என்று சொல்லத் தேவையில்லை. :)

அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும். ஆகவே "இரண்டு வருஷம் ஆச்சு" என்பது ஆறுதல் தரும் தகவலே கிடையாது. பாரம் குறையாமல் இருக்க, கீறல் வளர்ந்துகொண்டிருக்க, இரண்டு வருஷம் போயிருக்கிறது என்று அர்த்தம். உடைந்த தொட்டிக்காரர் பெரும்பாலும் இந்தப் பேச்சையே விட்டுவிடுவார், நிற்கிற தொட்டிக்காரர்தான் பேசிக்கொண்டிருப்பார் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நின்றது நிற்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்று காட்ட பெர்லின் அக்வாடோமை விடப் பெரிய உதாரணம் கிடைக்காது. ஓட்டல் முற்றத்தில் நின்ற அந்த உருளைத் தொட்டி கண்ணாடியல்ல, அக்ரிலிக். பட்டை கதையும் அங்கே இல்லை. ஆனாலும் பாடம் பொருந்தும். 2003ல் திறந்தது. சுமார் 10 லட்சம் லிட்டர் தண்ணீர், ஏறக்குறைய 1,500 மீன்கள். நடுவில் காலி செய்து சீரமைத்து, 2022 கோடையில் மறுபடி திறந்தார்கள். 2022 டிசம்பர் 16 அதிகாலையில் ஒரேயடியாக வெடித்துத் தண்ணீர் தெருவரைக்கும் ஓடியது. இரண்டு பேருக்குக் காயம், மீன்களில் பெரும்பாலானவை செத்துப்போயின. அந்த நேரத்தில் முற்றத்தில் கூட்டம் இல்லாதது அதிர்ஷ்டம். 2023ல் வந்த நிபுணர் அறிக்கையால் இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியவில்லை. ஒட்டிய இணைப்பு விட்டிருக்கலாம், சீரமைப்பின்போது ஏற்பட்ட ஒரு வெட்டுக்காயம் காரணமாக இருக்கலாம், காலியாக இருந்தபோது அக்ரிலிக் காய்ந்துபோனது காரணமாக இருக்கலாம் என்று மூன்று சாத்தியங்களைச் சொன்னது. பெரிய பெரிய பொறியாளர்கள் கட்டிய தொட்டிக்கே இந்த நிலைமை. வேலை செய்யும்போது தொட்டிக்கு என்ன ஆனது என்று பிறகு கண்டுபிடிப்பதே கஷ்டம் என்றால், வீட்டில் பிளேடோடு உட்காருகிறவர் கொஞ்சம் யோசிக்கத்தான் வேண்டும்.

முழுசாக வேண்டாம், கொஞ்சமாக வெட்டலாமா?

சிலர் நடுவழி தேடுவார்கள். பட்டை இருக்கட்டும், ஃபில்டர் குழாய் நுழைகிற அளவுக்கு ஓர் ஓரத்தில் "ப" வடிவில் வெட்டிக்கொள்ளலாம் என்பார்கள். பார்க்க நல்ல சமரசம் மாதிரி இருக்கும். பல சமயம் முழுசாக எடுப்பதைவிட இது ஆபத்து.

காரணம், உள்மூலை. சி. இ. இங்க்லிஸ் என்பவர் 1913ல் போட்ட கணக்கு இது: தகட்டில் ஒரு துளையோ வெட்டோ இருந்தால், அதன் முனை எவ்வளவு கூர்மையோ அவ்வளவுக்கு அங்கே தகைவு பெருகும். "ப"வின் இரண்டு உள்மூலைகளும் கூர்மையானவை. போதாததற்கு கிரைண்டர் வைத்து வெட்டிய ஓரம் முழுக்கச் சில்லுச் சில்லாக உடைந்திருக்கும். கிரிஃபித் சொன்ன கீறல்களை நாமே கையால் விதைத்த மாதிரி. தொட்டியில் ஒட்டியிருக்கும்போதே வெட்டினால் அந்த அதிர்வு எல்லா இணைப்புக்கும் போகும்.

பட்டையோ தொட்டிக் கண்ணாடியோ டெம்பர்டு கண்ணாடியாக இருந்தால் பேச்சே இல்லை. அதை வெட்டவும் முடியாது, துளைக்கவும் முடியாது. வைத்த மாத்திரத்தில் பொடிப்பொடியாகிவிடும். தொழிற்சாலைத் தொட்டிகள் பலவற்றில் அடிக்கண்ணாடி இந்த வகைதான்.

அந்த ஜப்பானியத் தொட்டிகள்?

பட்டையில்லாத தொட்டி என்றதும் எல்லாரும் சொல்கிற பெயர் தகாஷி அமானோ (1954–2015). ஜப்பானின் நீகாதாவில் 1982ல் அக்வா டிசைன் அமானோ நிறுவனத்தைத் தொடங்கியவர். மீன் தொட்டியைத் தோட்டக்கலை ஆக்கியவர். விளிம்பே இல்லாத, தெளிந்த கண்ணாடிப் பெட்டி உலகெங்கும் ஆசைப் பொருளானதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

ஆனால் அந்தத் தொட்டிகள் பட்டையை எடுத்த தொட்டிகள் அல்ல. பட்டையில்லாமல் நிற்பதற்காகவே கணக்குப் போட்டுச் செய்தவை. கண்ணாடி கனமாக இருக்கும், ஓரம் பாலிஷ் செய்திருக்கும். அந்த அலங்காரத்துக்கு வேண்டிய விலையைக் கண்ணாடியின் கனத்தில் கொடுத்திருக்கிறார்கள். நாலடித் தொட்டியைப் பட்டையோடு மலிவாக வாங்கிவந்து, வீட்டில் பட்டையைக் கழற்றினால் அமானோ தொட்டி கிடைக்காது. பட்டை போன மலிவுத் தொட்டிதான் கிடைக்கும்.

விஷயத்தின் மையமே இதுதான். பட்டை என்பது தொட்டியோடு இலவசமாக வந்த உதிரி அல்ல. கண்ணாடியின் கனத்தில் குறைத்த ஒரு பங்கை, கடைக்காரர் பட்டையாகத் திருப்பித் தந்திருக்கிறார். அதைக் கழற்றினால், கொடுக்காத காசுக்கான கண்ணாடி எங்கிருந்தோ வந்து நிற்கப் போவதில்லை. பட்டை வேண்டாமென்றால் அதைச் சொல்ல வேண்டிய இடம் தொட்டிக்கு ஆர்டர் கொடுக்கும் கடை. தண்ணீர் நிரம்பிய வீட்டு ஹால் அல்ல.

எல்லாப் பட்டையும் அப்படியா?

இல்லை. இதையும் நேர்மையாகச் சொல்லத்தான் வேண்டும். மேலே சொன்ன அதே சூத்திரத்தில் இரண்டடி நீள, ஓரடி ஆழத் தொட்டியைப் போட்டால், பட்டையில்லாமல் 4 மி.மீ.க்குக் கொஞ்சம் மேல் போதும் என்று வருகிறது. 5 மி.மீ. கண்ணாடி என்றால் பாதுகாப்புக் காரணி 5ஐத் தாண்டிவிடும். இப்படிச் சின்னத் தொட்டியில் இருக்கிற பட்டை, மூடிக் கண்ணாடி உட்காருவதற்கான திண்ணை மட்டும்தான். அதை எடுத்தால் தொட்டிக்கு ஒன்றும் ஆகாது.

ஆக, "பட்டையைத் தொட்டாலே பாவம்" என்று மிரட்டுவதும் தப்பு, "பட்டை சும்மா அலங்காரம்" என்று சிரிப்பதும் தப்பு. எந்தத் தொட்டி, என்ன ஆழம், என்ன கனம் என்று தெரிந்தால் பதில் தானாக வரும். இரண்டு சாராரும் சண்டை போடுவது பெரும்பாலும் ஒருவர் சின்னத் தொட்டியை மனதில் வைத்தும், மற்றவர் பெரிய தொட்டியை மனதில் வைத்தும் பேசுவதால்தான்.

பட்டையை எடுக்காமலே தீருகிற தொல்லைகள்

பட்டைமேல் தொல்லை என்று முதலில் சொன்ன பட்டியலை ஒருமுறை பார்த்தால், பாதிக்கு மேல் பட்டையை எடுக்காமலே தீர்ந்துவிடும்.

செடிக்கு வெளிச்சம் போதவில்லையா? சுத்தமான கண்ணாடி விழுகிற ஒளியில் பத்தில் ஒன்பது பங்கைக் கீழே விட்டுவிடும். மறைப்பது கண்ணாடியல்ல, அதன்மேல் படிந்த உப்பு. தண்ணீர் மட்டத்தைக் கொஞ்சம் குறைத்து, வினிகர் தொட்ட துணியால் துடைத்து, பிறகு ஈரத்துணியால் துடைத்தால் போதும். இல்லாவிட்டால் ஒரே நீள விளக்குக்குப் பதில், பட்டைக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக இரண்டு சின்ன விளக்குகள்.

ஃபில்டர் உட்காரவில்லையா? தொங்கும் ஃபில்டரை விட்டுவிட்டு, குழாய் மட்டும் உள்ளே போகிற கேனிஸ்டர் ஃபில்டரோ, உள்ளேயே வைக்கிற ஸ்பாஞ்ச் ஃபில்டரோ வாங்கலாம். மரக்கட்டை போகவில்லையா? இரண்டாக அறுத்து உள்ளே இறக்கிச் சேர்த்து வைக்கலாம். கட்டை அறுபட்டால் பரவாயில்லை, தொட்டி அறுபடக் கூடாது.

பட்டை தானாகவே விட்டுவிட்டால்?

எடுப்பதைப் பற்றியே பேசினால் எப்படி, பழைய தொட்டியில் பட்டை தானாகக் கழன்று விழுவதும் உண்டே. அப்போது பதற்றத்தில் பலர் முதலில் செய்வது, தண்ணீர் நிரம்பியிருக்கும்போதே அதைத் திரும்ப ஒட்டப் பார்ப்பது. அது வீண் வேலை. கண்ணாடி ஏற்கெனவே வெளியே வளைந்துவிட்டது. அந்த நிலையிலேயே ஒட்டினால் வளைவும் அப்படியே இருக்கும், ஈரத்தில் பசையும் பிடிக்காது. தச்சு வேலைக் கிளாம்ப் போட்டு வளைந்த கண்ணாடியை நெருக்கி இழுப்பது இன்னும் ஆபத்து.

முதலில் செய்ய வேண்டியது தண்ணீரைப் பாதிக்குக் குறைப்பது. பாரம் ஆழத்தின் வர்க்கம் அல்லவா? ஆழம் பாதியானால் பாரம் காலாகிவிடும். நாலடித் தொட்டியில் 121 கிலோ இருந்தது 30 கிலோவாகிவிடும். மீன்கள் பாதித் தண்ணீரில் ஒரு நாள் இருந்துவிடும், ஏர் பம்ப் ஓடினால் போதும். பிறகு நிதானமாக மீனை வேறு இடம் மாற்றி, தொட்டியைக் காலி செய்யலாம்.

ஒட்டுகிற முறையிலும் ஒரு சூட்சுமம் உண்டு. புது சிலிக்கோன் கண்ணாடியில் நன்றாகப் பிடிக்கும், பழைய சிலிக்கோன்மேல் சரியாகப் பிடிக்காது. அதனால் பழையதை ரேஸர் பிளேடால் முழுக்கச் சுரண்டி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்துவிட்டுத்தான் ஒட்ட வேண்டும். பூஞ்சை தடுப்பு மருந்து கலந்த பாத்ரூம் சிலிக்கோன் மீனுக்கு ஆகாது. ஒட்டும்போது வரும் வினிகர் வாசனை போய்விட்டதால் மட்டும் காய்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. கனமான இணைப்பு என்றால் ஒரு வாரம் பொறுப்பது நல்லது. பட்டையின் கண்ணாடி தொட்டிக் கண்ணாடியைவிட மெல்லியதாக இருக்கக் கூடாது.

பட்டை இல்லாத தொட்டிக்குப் புதிதாகப் பட்டை சேர்ப்பதும் இதே மாதிரிதான். காலித் தொட்டியில், கண்ணாடி நேராக இருக்கும்போது ஒட்டினால் அது வேலை செய்யும். சேர்ப்பது பாதுகாப்பைக் கூட்டும் மாற்றம், எடுப்பது குறைக்கும் மாற்றம். இரண்டையும் "மாடிஃபிகேஷன்" என்ற ஒரே பெயரில் போட்டுக் குழப்பக் கூடாது.

கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள்

வாங்குபவரை மட்டும் குறை சொல்லிவிட்டுப் போவது நியாயமில்லை. சென்னையில் வண்ண மீன் என்றால் கொளத்தூர் என்கிற மாதிரி, ஒவ்வொரு ஊரிலும் தொட்டிக்குப் பேர் போன கடைகள் இருக்கும். அளவு சொன்னால் கண்ணாடி வெட்டி, சிலிக்கோன் போட்டுத் தொட்டி செய்து தருவார்கள். கைத்தேர்ச்சி உள்ளவர்கள். எத்தனை அடி, என்ன எம்.எம். என்று கேட்பார்கள். ஆனால் அந்தப் பேச்சு அந்தக் கடை வாசலோடு முடிந்துவிடும். தொட்டி வீட்டுக்கு வந்து, பிறகு செகண்ட்ஹேண்டாக வேறொருவர் கைக்குப் போகும்போது, அது 6 மி.மீ. கண்ணாடியா 8 மி.மீ. கண்ணாடியா என்று சொல்ல ஆளிருக்காது. பட்டை சுமை தாங்குகிறதா, மூடி தாங்குகிறதா என்பதும் யாருக்கும் தெரியாது.

ஐந்து கிலோ அரிசிப் பையில் எடை, விலை, தேதி எல்லாம் அச்சடித்து வருகிறது. 240 லிட்டர் தண்ணீரை ஹாலில் நிறுத்தி வைக்கிற ஒரு பொருளில் ஒரு வார்த்தை எழுதியிருக்காது. ஒரு மூலையில் சின்ன ஸ்டிக்கர் போதும்: கண்ணாடி இத்தனை மி.மீ., தண்ணீர் இந்த உயரம் வரை, மேல்பட்டை சுமை தாங்கி, எடுக்கக் கூடாது. நாலே வரி. செலவு சில ரூபாய். இது இருந்தால் பாதிச் சண்டை நடக்கவே நடக்காது.

அது வரும்வரை வாங்குகிறவர்தான் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். தொட்டி வாங்கும்போதே கனத்தைக் கேட்டு, பில்லில் எழுதச் சொல்ல வேண்டும். ஏற்கெனவே வீட்டில் இருக்கிற தொட்டி என்றால் ஒரு வெர்னியர் கேலிபர் வைத்து மேல் விளிம்பில் கனத்தை அளந்துவிடலாம். பள்ளிக்கூட லேபில் ஒரு நாள் கையில் பிடித்த கருவிதான். தண்ணீர் ஊற்றுவதற்கு முன்பும் பின்பும் மேல் விளிம்பில் ஒரு நூலை இழுத்துப் பிடித்து, நடுவில் எவ்வளவு வளைந்திருக்கிறது என்று குறித்து வைக்கலாம். அந்த அளவு மாதத்துக்கு மாதம் கூடினால், தண்ணீரைக் குறைக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

பட்டையை எடுப்பவரைத் துணிச்சல்காரர் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவருடைய துணிச்சலுக்கு விலை கொடுப்பது அவரல்ல. தொட்டிக்கு முன்னால் பாய் விரித்துத் தூங்குகிற குழந்தைக்கும், கீழ்வீட்டில் கூரை ஒழுகுகிறவருக்கும், தரையில் துடிக்கிற மீனுக்கும் யாரும் அனுமதி கேட்கவில்லை. பட்டையில்லாத தொட்டி அழகுதான். அந்த அழகு வேண்டுமென்றால், அதற்கென்று செய்த கனமான தொட்டியை வாங்கட்டும். அதற்குக் காசு சேரும்வரை அந்தக் குறுக்குப் பட்டை குறுக்கேயே இருக்கட்டும்.